ஆயிரம் மரம் நட்ட மாமா

குழாய்க்கடைக்காரருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தேகப்படும் அளவுக்கு அங்கே யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

இருபத்திரண்டு வருடமாக அவர் அட்டைப்பெட்டிகளைப் படித்து வருகிறார். குழாய், ஷவர், வாஷ்பேசின், அதற்கு அடியில் மாட்டுகிற வளைந்த பைப் எல்லாம் அட்டைப்பெட்டியில்தான் வரும். பெட்டியின் நாலு பக்கமும் இங்கிலீஷ் இருக்கும். வாங்க வந்தவர் எதிரில் பெட்டியைத் திருப்பி, 'ஹேண்டில் வித் கேர், திஸ் சைடு அப்' என்று நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டு, அதற்கு அர்த்தம் சொல்கிற தோரணையில் விலையைச் சொல்வார். இங்கிலீஷ் காதில் விழுந்தபிறகு பேரம் பேச ஆளுக்குக் கூச்சம் வந்துவிடும். நல்ல உத்திதான், வியாபாரத்தில் இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தாயிற்று. கெடுதல் எங்கே வந்ததென்றால், அந்த உத்தியை அவரே நம்பிவிட்டார். கடைக்கு வந்தவன் பாதி நாள் நம்பினான், பாதி நாள் அடுத்த கடைக்குப் போனான். வீட்டில் இருப்பவர்களுக்கு அடுத்த கடை ஏது?

வீடு கடைக்கு மேல்மாடி. மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் ஆபரேஷன் வார்டில் நர்ஸ். பதினாறு வருட சர்வீஸ். தெரு முழுக்க அவளுக்கு சிஸ்டர் என்றுதான் பெயர். கடையில் ஆள் இருந்தால் குழாய்க்கடைக்காரரும் கௌரவத்துக்காக மாடியைப் பார்த்து, "சிஸ்டர், ஒரு டீ" என்பார். மேலே அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மகள் ஒருத்தி, வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அப்பாவின் இங்கிலீஷைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து உண்டு. யாரும் கேட்டதில்லை.

கடல் தாண்டிய ஓர் ஊரின் ஆஸ்பத்திரி சிஸ்டரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. நான்கு வருட ஒப்பந்தம், தனி அறை, இங்கே ஒரு வருடத்துக்குக் கொடுப்பதை அங்கே ஒரு மாதத்தில் கொடுப்பார்கள். பாக்கி ஒரு இங்கிலீஷ் பரீட்சை. படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றையும் முதல் தடவையே தாண்டிவிட்டாள். பேசுவதில் ஒன்பதுக்கு ஏழு வேண்டும். முதல் தடவை ஐந்தரை வந்தது. அறுபது நாள் டியூஷன் போய், இரண்டாம் தடவை எழுதியதிலும் அதே ஐந்தரை. மூன்றாவது பரீட்சை பத்தொன்பதாம் தேதி. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

சேராவிட்டால் என்ன என்பதையும் குழாய்க்கடைக்காரர் முடிவு செய்து வைத்திருந்தார். எதிர்வரிசையில் ஒரு டைல்ஸ் கடை திறப்பது, ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு சிஸ்டர் அங்கே உட்காருவது. அவள் உட்காருவதற்கு ஒரு சுழல் நாற்காலிகூட வாங்கி, பாலிதீன் உறையைப் பிரிக்காமல் போட்டு வைத்துவிட்டார். "தேறினா ஃபாரின், தேறலைன்னா முதலாளியம்மா. எப்படிப் போட்டாலும் நமக்கு லாபம்" என்று வருவோர் போவோரிடம் சொல்வார். பிணவறைக்குப் போகிற ஸ்ட்ரெச்சரைப் பார்ப்பதுபோல சிஸ்டர் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவாள்.

டியூஷன் தையல்கடை மாடியில். 'நாற்பத்தைந்தே நாளில் சரளம்' என்று போர்டு. அதனால் வாத்தியாருக்கே சரளம் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பாடம் நடத்துவதால் செருப்பு வெளியே தெரியாது என்று நம்பிக்கை.

சரளம் சாரின் மொத்த முதலும் ஒரு மாமாதான். பரீட்சையில் ஒரு தலைப்பைக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். தலைப்பு என்னவாக இருந்தாலும் பேசுவதற்கு ஒரு மாமாவை சார் தயார் செய்து வைத்திருந்தார். மாமா ஒரு ரிடையர்டு பள்ளி ஆசிரியர். எளிமையானவர். சைக்கிளில் போவார். ஆயிரம் மரம் நட்டவர். நேரத்தின் அருமையைக் கற்றுக்கொடுத்தவர். மொத்தம் இருபத்தாறு வாக்கியம். பிடித்த பயணம் என்று வந்தால் மாமாவோடு போனது; பிடித்த பரிசு என்று வந்தால் மாமா கொடுத்தது; பிடித்த கட்டடம் என்று வந்தால் மாமா வேலை பார்த்த பள்ளிக்கூடம். ஒரே சுருளில் கிழித்த துணியில் ஊரில் உள்ள எல்லோருக்கும் சட்டை. அளவு எடுக்கிற வேலையே இல்லை. கீழே இருந்த தையல்காரர்கூட ஆளைப் பார்த்துத்தான் துணியை வெட்டினார்.

இரண்டாம் தடவை மார்க் வந்ததும் சிஸ்டர் நேரே சாரிடம் போனாள்.

"சார், மறுபடியும் அதே ஐந்தரை."

"மாமாவைச் சொன்னீங்களா சிஸ்டர்?"

"சொன்னேன் சார்."

"முழுசா?"

"ஒரு ஆத்தைப் பத்திக் கேட்டாங்க. நீங்க பார்த்த ஆறு ஒண்ணைப் பத்திப் பேசுங்கன்னு."

"ரொம்ப நல்ல டாபிக். மாமாவை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"கூட்டிட்டுப் போனேன். அங்கேயே ஆயிரம் மரத்தையும் நட வெச்சேன்."

"அப்புறம் என்ன?"

"அந்த ஆறு எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்."

சரளம் சார் கண்ணை மூடிக்கொண்டார். "அங்கதான் கோட்டை விட்டீங்க. குறுக்குக் கேள்வி வந்தா நிக்கக் கூடாது சிஸ்டர். டபக்குனு சைக்கிள்ல ஏறிடணும். 'என் மாமா சைக்கிளில் செல்வார்'னு எடுத்து விட்டிருந்தா ஏழு கன்ஃபார்ம்."

"எனக்கு மாமாவே கிடையாது சார். எங்கம்மா கூடப் பொறந்தவங்க எல்லாம் பொம்பளைங்க."

"எனக்கு மட்டும் இருக்கா? இருக்கிறவனுக்கு எதுக்கு டியூஷன்?"

"நான் என் வார்டைப் பத்தியே பேசினா என்ன சார்? தினம் பார்க்கிறது. மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை."

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வார்டுல என்ன இருக்கு? புண்ணு, சீழு, மூத்திரப்பை. பரீட்சை வைக்கிற அம்மா மார்க் போடுவாங்களா, வாந்தி எடுப்பாங்களா? மாமாதான் சுத்தம். போய்ப் படிங்க."

தான் முந்தின நாள் கட்டிவிட்டு வந்த எட்டுக் கட்டுகளை அந்த டைக்காரர் ஒரு வரியில் வீசிவிட்டாரே என்று அவளுக்கு இருந்தது. ஆனால் மாதம் பிறந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. வேறு வாத்தியார் தேட நேரமில்லை. மாமாவைச் சுமந்துகொண்டு படி இறங்கினாள்.

வீட்டில் பரீட்சை அதிகாரி குழாய்க்கடைக்காரர். சிஸ்டர் இரவு ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வருவாள். அந்த வாரம் முழுக்க மழை. குடையை வாசலில் விரித்து வைத்து, குளித்து, ஈரத்தலையோடு சாப்பாட்டு மேஜைக்கு வந்தால், அங்கே அவர் கைபேசியில் ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். முன்னால் ரொட்டி, அவித்த முட்டை, டீ. அதெல்லாம் அவருக்கு. மாமியார் மேஜையின் மறு கோடியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள்.

"ஸ்டார்ட்" என்பார்.

"ஒரு வாய் டீ குடிச்சுக்கறேனே."

"பரீட்சை ஹால்ல டீ குடுப்பானா? ஸ்டார்ட்."

அவள் ஆரம்பிப்பாள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால். மாமா சைக்கிளில் ஏறி, இறங்கி, மரம் நட்டு, நேரத்தின் அருமையைச் சொல்லிக்கொண்டிருப்பார். குழாய்க்கடைக்காரர் முட்டையை மென்றுகொண்டே கையைத் தூக்குவார்.

"நில்லு. உச்சரிப்பு சரியில்லை."

"எந்த வார்த்தை?"

"மொத்தமாவே. ஒரு கம்பீரம் இல்லை. பெட்டியில போட்டிருக்கிற மாதிரி அழுத்தமா வரணும். 'நான்-ரிட்டர்னபிள்.' பாரு, எப்படி இருக்கு?"

"பெட்டி பேசாதுங்க."

"பேசாமலேயே அது வித்துக்குது. நீ பேசியும் ரெண்டு தடவை திரும்பி வந்துட்டே."

மாமியார் பூண்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஏண்டா, அவ ராத்திரியெல்லாம் நின்னுட்டு வந்திருக்கா. முதல்ல தின்ன விடேன்."

"அம்மா, உனக்கு இதெல்லாம் புரியாது. இது இன்டர்நேஷனல்."

"தட்டைக் கழுவி வைக்கிறதும் இன்டர்நேஷனலா? தின்னுட்டு அப்படியே வெச்சிருக்கே."

"டைம் ஓடிட்டிருக்கு. ஸ்டார்ட்."

சிஸ்டர் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பதினைந்தாவது வாக்கியத்தில் கொட்டாவி வரும். அதையும் அவர் குறித்துக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால், வார்டில் அவளுக்கு மாமா தேவைப்படவே இல்லை. புதிதாக வந்திருந்த இளம் டாக்டருக்கு இந்த ஊர்ப் பாஷை தெரியாது. அவளிடம் இங்கிலீஷில்தான் பேசுவான். பத்தாம் தேதி வாக்கில் ஒரு நாள், ஆறாம் படுக்கைக்குப் போட வேண்டிய மருந்தை ஒன்பதாம் படுக்கையின் சீட்டில் எழுதிவிட்டான். சிஸ்டர் அப்போது ஒன்பதாம் படுக்கைக்காரரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நூறு கிலோ ஆள்; ஒரு தோளை இழுத்து, ஒரு முழங்காலை மடக்கி, பழைய விரிப்பைச் சுருட்டிப் புதியதை அதே கையில் நுழைத்து, ஆளை மறுபக்கம் உருட்டினால் விரிப்பு மாறிவிடும். ஆளுக்கு வலி தெரியாது. சீட்டைப் பார்த்தாள். விரிப்பின் நுனியைச் செருகியபடியே டாக்டரைக் கூப்பிட்டாள். இது ஒன்பது, அது ஆறு, இந்த மனிதருக்குச் சிறுநீரகம் பழுது, இதைப் போட்டால் நாளைக்கு டயாலிஸிஸ், அதற்கு அடுத்த நாள் நீங்கள் போலீஸுக்கு எழுத வேண்டியது வேறு சீட்டு, பேனாவைத் திறக்குமுன் கண்ணைத் திறங்கள் என்று மூச்சு விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். அவன் மூன்று தடவை ஸாரி சொன்னான். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசியிருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அடுத்த படுக்கைக்குப் போகும்போது உதடு மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தது: ரிடையர்டு ஆசிரியர், எளிமையானவர், சைக்கிள்.

பத்தொன்பதாம் தேதி காலை குழாய்க்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டுத் தானும் வந்தார். கேட்டுக்கு உள்ளே விடமாட்டோம் என்றார்கள். "நான் அவங்க ட்ரெய்னர்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிப் பார்த்தார். வாட்ச்மேன் வெளியே இருந்த பெஞ்சைக் காட்டினான்.

உள்ளே காத்திருக்கும் ஹாலில் முப்பது பேர். ஏ.சி. குளிரில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டருக்குப் பக்கத்தில் இருந்த பிசியோதெரபிப் பெண் 'சைக்கிள்' என்றாள். பின்வரிசையில் ஒருவன் 'ஆயிரம் மரங்கள்' என்றான். ஜன்னலோரம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நேரத்தின் அருமைக்கு வந்து சேர்ந்தார்கள். சிஸ்டர் எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு மருமகப்பிள்ளைகள் அந்த ஹாலில் மட்டும். மொத்தம் பன்னிரண்டாயிரம் மரம். ஊருக்குள் நிழலுக்கு ஒதுங்க ஓரிடம் கிடையாது.

அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சின்ன அறை. பரீட்சை வைக்கிற அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். நரைத்த தலை, கனத்த கண்ணாடி, மேஜையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். ஊர், பெயர் எல்லாம் கேட்டுவிட்டு ஒரு அட்டையை நகர்த்தினாள். 'உங்கள் வாழ்க்கையைப் பாதித்த ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்.' மாமா பிறந்ததே இந்த அட்டைக்காகத்தான். சிஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்: எனக்கு ஒரு மாமா, அவர் ஒரு ரிடையர்டு...

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இவரை இன்று காலையிலிருந்து ஏழு தடவை சந்தித்துவிட்டேன்" என்றாள் இங்கிலீஷில், கோபமில்லாமல், களைப்பாக. "நல்ல மனிதர். அவர் ஓய்வெடுக்கட்டும். உங்கள் வீட்டில் உங்களோடு இருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்."

சிஸ்டருக்குத் தலைக்குள் இருந்த இருபத்தாறு வாக்கியமும் ஒரே நொடியில் காலி. சைக்கிளில் ஏறலாம் என்றால் சைக்கிளையும் காணோம். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாள். சாப்பாட்டு மேஜை தெரிந்தது. மேஜையில் கழுவாத தட்டு. தட்டுக்குப் பின்னால் ஒரு கை, 'நில்லு' என்று தூக்கியபடி.

"என் கணவர்" என்று ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் அவள் நிற்கவே இல்லை. வார்டில் டாக்டரிடம் பேசுகிற அதே குரல். ஏற்ற இறக்கம் கிடையாது, வார்த்தை தேடுகிற தடுமாற்றம் கிடையாது. சரக்கு உள்ளே, கல்யாணமான நாளிலிருந்து பதினெட்டு வருடமாக மூட்டை மூட்டையாகக் கிடந்தது, கதவுதான் பூட்டியிருந்தது. அந்த அம்மாள் பேனாவை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது நிமிடத்தில் அடிக்க வேண்டிய மணி மூன்றாவது நிமிடத்தில் அடித்தது. வழக்கமாக இரண்டு குறுக்குக் கேள்வி கேட்பார்கள். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"இதெல்லாம் அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்" என்றாள் சிஸ்டர். "அவர் இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பதில் மும்முரமாக இருக்கிறார்."

வெளியே வந்ததும் குழாய்க்கடைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"மாமா வந்தாரா?"

"இல்லை. மாமா வேண்டாம், வீட்டுல இருக்கிறவங்களைப் பத்திப் பேசுன்னுட்டாங்க."

"ஐயையோ. யாரைச் சொன்னே?"

"உங்களைத்தான்."

அவர் அங்கேயே நின்றுவிட்டார். வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா?" என்று அவனிடம் சொன்னார்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் மார்க் வந்தது. பேசுவதில் எட்டு. ஒன்று கூடுதல். சிஸ்டர் சான்றிதழைக் கைபேசியிலிருந்தே அனுப்பிவிட்டு, சாயங்காலத்துக்குள் பதிலும் வாங்கிவிட்டாள். இடம் அவளுக்குத்தான், மறு மாதம் பதினொன்றாம் தேதி புறப்பாடு. சரளம் சார் இரண்டு மணி நேரத்தில் போர்டுக்குப் பக்கத்தில் அவள் புகைப்படத்தை மாட்டிவிட்டார்: 'எங்கள் பயிற்சியில் எட்டு'. மாமாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

குழாய்க்கடைக்காரரோ தெருவையே நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வாஷ்பேசின் வாங்க வந்தவர், வாங்காமல் போனவர், தபால்காரர், யாரையும் விடவில்லை. "முழுக்க முழுக்க என்னைப் பத்தித்தான் பேசியிருக்கா. மூணு நிமிஷம்! கேட்டுட்டிருந்த வெள்ளைத்தலை அம்மா எழுதறதையே மறந்துட்டாங்களாம். அவ்வளவு விஷயம் இருந்திருக்கு என்கிட்ட."

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் அவர் ஸ்டாப்வாட்சை எடுக்கவில்லை. டீயை நகர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சிஸ்டர் யூனிஃபாரங்களை மடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்க பேசினதை அப்படியே ஒரு தடவை சொல்லு. நான் கேக்கணும்."

"எதுக்குங்க இப்ப?"

"என்னைப் பத்தினது நான் கேக்க வேண்டாமா? கூச்சப்படாதே."

சிஸ்டர் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள். அவர் கண்ணை மூடி, மேஜையில் விரலால் தாளம் போட்டுக் கேட்டார். அவள் சொன்னதன் சாரம் இது:

"என் கணவர் குழாய் விற்கிறார். தான் குடித்த தம்ளரை ஒரு நாளும் ஒரு குழாயடியிலும் கழுவியதில்லை. பதினாறு வருடமாக நான் முன்பின் தெரியாத ஆண்களின் மலத்தைத் துடைக்கிறேன். தொண்டையில் துளை போட்டிருப்பவர்கூட என் கையைத் தொட்டு நன்றி சொல்லிவிடுவார். இவருக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது. எனக்குப் பதினோரு நாள் காய்ச்சல் வந்தபோது, டீ யார் போடுவது என்று கேட்டார். பதில் நானே சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு எது தெரியாதோ அதெல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கிறார்; எனக்கு எது தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. என் வார்டின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள், சொல்ல மாட்டார். நான் அவரை வெறுக்கவில்லை. வெறுப்பதற்கு ஓய்வு வேண்டும், எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது. அவர் என் வாழ்க்கையை எப்படிப் பாதித்தார் என்று கேட்டீர்கள். அவரால்தான் நான் மூன்றாவது தடவையாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் என்றாலும் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

முடித்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

குழாய்க்கடைக்காரர் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் பளபளப்பு.

"வெரி குட். ஒரு இடத்துல தடுக்கலையே! குழாய், தொண்டை, டீ, எல்லாம் தெளிவா விழுந்துது. தொண்டைன்னா என் குரலைச் சொல்றே, இல்ல?"

"ஆமாங்க."

"பார்த்தியா. இங்க உக்காந்து நான் குடுத்த ட்ரெய்னிங், அது எங்கயும் போகாது."

மாமியார் கத்தியைக் கீழே வைத்தாள்.

"டேய், அவ உன்னைத் திட்டுறாடா."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"ஒரு எழுத்துத் தெரியாது. உங்கப்பா போய்ச் சேர்ற வரைக்கும் நான் அவர்கிட்ட இதே குரல்லதான் பேசிட்டிருந்தேன். அவரும் இப்படித்தான், கண்ணை மூடித் தாளம் போடுவார்."

"அப்பா நல்லவர்மா. அவருக்குப் புரிஞ்சிருக்கும்."

"புரியலைடா. இத்தனைக்கும் நான் பேசினது நம்ம பாஷை."

"உனக்குப் பொறாமை" என்றார் அவர். கீழே யாரோ ஷவர் விலை கேட்கும் சத்தம் வந்தது. சொல்வதற்குப் புது ஆள் கிடைத்த அவசரத்தில், டீத் தம்ளரை அப்படியே விட்டுவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனார்.

சிஸ்டர் நிமிரவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மாமியார் குனிந்து பார்த்தாள். இரண்டும் இல்லை, மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா."

"என்ன அத்தை?"

"புறப்பட இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"பதிமூணு."

மாமியார் வெங்காயத் தோலைக் கையால் ஒதுக்கினாள். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப சொன்னியே, அதை எனக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போ. மெதுவாச் சொன்னா பிடிச்சுக்குவேன்."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அத்தை இங்கிலீஷ்?"

"நீ போனப்புறம் அவனுக்கு இதையெல்லாம் யாரு சொல்றது?"